முழங்கால் செய்த ராஜத்துரோகம்

குன்றக்கோட்டையைத் திம்மப்ப நாயக்கர் ஆண்டபோது அம்பலவாணர் என்றொரு ஆலோசகர் அவர் சபையில் இருந்தார். மகா புத்திசாலி என்று ஊரே சொல்லும். அவருக்கு மட்டும் அதில் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் உடையப்பன். போரில் குதிரையிலிருந்து விழுந்து முழங்கால் நொறுங்கிய சிப்பாய். அப்போதெல்லாம் காயம்பட்டவர்களைப் பார்த்து ஓலை எழுதுவது அம்பலவாணரின் வேலை. முழுக்காயம் என்று எழுதினால் வீட்டில் ஓய்வு, ஆயுசுக்கும் அரண்மனைச் சாப்பாடு. சிறுகாயம் என்றால் திரும்பவும் காவல் வேலை. அதிகாரி முன்னால் விறைப்பாக நிற்பது சிப்பாய் வழக்கம். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பில் மயங்கிய நம் புத்திசாலி, 'முழங்கால் நன்றாக மடங்கும், சிறுகாயம்' என்று எழுதி அரச முத்திரையும் வாங்கிவிட்டார். மடக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம் உடையப்பன் காவல் மேடைக்கு இருநூறு படி ஏறினான். ஒருநாள் அவன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவதை அம்பலவாணர் பார்த்துவிட்டார். வெட்கத்தில் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அவனைச் சபைக்குக் கூட்டிவந்து, தன் பழைய ஓலை தப்பு, மாற்ற வேண்டும் என்று முறையிட்டார். நொண்டியே நடக்கும்படி வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். அரசரைக் கண்டதும் பாவி மனுஷன் கம்பம்போல நின்றான்.

"நன்றாகத்தானே நிற்கிறான்?" என்றார் நாயக்கர்.

"அன்றைக்கு நானும் இப்படித்தான் ஏமாந்தேன் மகாராஜா. தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள்."

அரசர் சொன்னார். உடையப்பன் முயன்றான். வியர்வை வழிந்தது, முழங்கால் மடங்கவில்லை.

"மன்னிக்கணும் சாமி, இது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றான்.

நாயக்கருக்கு மனம் இளகியது. ஆனால் முத்திரை விழுந்த ஓலையை அவர் வம்சத்தில் யாரும் மாற்றியதில்லை. முத்திரை பொய் சொல்லாது என்று கையை விரித்துவிட்டார்.

"அப்படியானால் ஓலை இருக்கட்டும்" என்றார் அம்பலவாணர். "மடங்கும் என்கிறது அரச முத்திரை. மடங்க மாட்டேன் என்று சபையிலேயே எதிர்த்து நிற்கிறது இந்த முழங்கால். இது ராஜத்துரோகம். இதை ஆயுசுக்கும் வீட்டுக்காவலில் வையுங்கள். கோட்டைப் படியை இனி இது மிதிக்கவே கூடாது. கைதிக்குச் சாப்பாடு அரண்மனைப் பொறுப்பு, அது நம் சட்டம்."

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"கைதி முழங்கால்தானே? இவனுக்கு எதற்குச் சோறு?"

"முழங்காலுக்கு வாய் இல்லையே மகாராஜா, இவன் வாயால்தான் சாப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு வாய் இருந்திருந்தால், பன்னிரண்டு வருஷம் முன்பே இந்த அம்பலவாணனைத் திட்டித் தீர்த்திருக்கும்."

நாயக்கர் வயிறு குலுங்கச் சிரித்து, தண்டனை ஓலைக்கு முத்திரையைக் கொண்டுவரச் சொன்னார்.