ஏசி யாருக்கு?

ஒரகடத்தில் டிரைவர் இல்லாத கார் செய்யும் கம்பெனி ஒன்று. முதலாளி வேதமூர்த்திக்கு எதுவும் பெரிதாக இருக்கவேண்டும். அவர் காரில் டிக்கி நிறையக் கம்ப்யூட்டர். அது கொதிக்கும். அதனால், பேட்டரி இறங்கினால் ஏசி முதலில் கம்ப்யூட்டருக்கு, அப்புறம்தான் ஆளுக்கு என்று அவரே உத்தரவு போட்டிருந்தார்.

புதிதாகச் சேர்ந்த ஜெபராணி, அதே வேலையைக் குறைந்த கரண்டில் செய்யும் கம்ப்யூட்டரை டிபன் பாக்ஸ் அளவில் செய்து கொண்டுவந்தாள்.

“இந்த டப்பாவா?” என்றார் முதலாளி, கம்பெனியைப் பார்க்க வந்திருந்த விருந்தினர்கள் முன்னால். “கணக்கு, படம் எதுவும் காட்டாம, இதுதான் ஒசத்தின்னு என்னை ஒத்துக்க வை. முடியலேன்னா குப்பையில போட்டுரு.”

“சரி சார். ரெண்டு கார்லயும் ஒரே அளவு பேட்டரி. நீங்க உங்க கார்ல வாங்க, நான் இந்த டப்பா வச்ச கார்ல வரேன்.”

மே மாத மத்தியானம். சோதனைப் பாதையில் நின்ற மாட்டுப் பொம்மைகளை இரண்டு கார்களும் பார்த்துப் பதமாக ஒதுங்கி ஓடின. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் பேட்டரி இறங்கியது. டிக்கியில் ஜில்லென்று காற்று. முன்சீட்டில் அவருக்குச் சட்டை நனைந்து ஒட்டியது. கண்ணாடியை இறக்கினார், அனல் அடித்தது. விருந்தினர்கள் பார்க்கப் பார்க்க, காரை நிறுத்தி இறங்கி, பின்னால் வந்த ஜெபராணியின் காரில் ஓடி ஏறினார்.

“நான் ஒண்ணும் ஒத்துக்கல,” என்றார் மூச்சு வாங்க.

“வேண்டாம் சார். கதவை மட்டும் சாத்துங்க, குளிர் போகுது.”