மோர்க்காரி மாடு கட்டிய அரியணை

மகுடவர்மன் நல்ல ராஜாதான். ஆனால் அவனுக்குப் பாதம் சின்னது. இதை நான் தைரியமாகச் சொல்லலாம். அவன் ஆண்ட பொன்னிறைகோட்டையில் ஒருவரும் வாய் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் தலை தோளில் இருக்காது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புது ராஜா முடிசூடிய அன்றே அவன் பாதத்தை அளந்து, அந்த அளவில் ஓர் அளவுகோல் செய்வார்கள். அன்று முதல் ராஜாவின் பாதம் எவ்வளவோ, அவ்வளவுதான் ஓர் அடி. பழைய கோலைப் பட்டில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

மகுடவர்மன் பட்டத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலமாகிப்போன அவன் அப்பா பெரிய ராஜாவுக்கோ முறம் போலப் பாதம்.

இந்த நேரம் பார்த்துத் தச்சர் மாடக்கண்ணு தன் வீட்டை விற்கக் கிளம்பினார். கடற்கரைப் பட்டினம் ஒன்றில் படகுப் பட்டறை அவருக்காகக் காத்திருந்தது. பௌர்ணமிக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். பெண்டாட்டி பிள்ளைகளை முன்னாலேயே அங்கே அனுப்பிவிட்டார். வீடு வாங்க ஆளும் வந்தாயிற்று.

விற்பதற்கு முன் வீட்டை அளக்க வேண்டும் என்பது சட்டம். அளவை அதிகாரி கோலப்பர் வந்தார். பெரிய ராஜா காலத்தில் துணியில் எழுதிய மனைப்படத்தை விரித்தார். கோலைப் போட்டு அளந்தார்.

"படத்தில் நாற்பது அடி. தரையில் நாற்பத்து நாலு. நாலு அடியை வளைத்துப் போட்டிருக்கிறாய்!"

"ஐயோ சாமி, எங்கப்பா கட்டுன சுவரு. ஒரு செங்கல்கூட நான் நகர்த்தலையே!"

"நாலு அடியும் பக்கத்து மனைக்காரருடையது. வெள்ளிக்கிழமைக்குள் சமையற்கட்டை இடித்து ஒப்படை."

பக்கத்து மனைக்காரர் யார் தெரியுமா? கோலப்பரின் சொந்த மைத்துனர்! வாங்க வந்தவரோ, "எல்லைத் தகராறு உள்ள வீடு எனக்கு வேண்டாமப்பா" என்று நடையைக் கட்டிவிட்டார்.

காரணம் கோலப்பருக்கு நன்றாகத் தெரியும். அதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். திருட்டிலும் என்ன ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

மாடக்கண்ணு அழாத குறையாக அரசவை விகடர் சிட்டிலிங்கத்திடம் ஓடினார். சிட்டிலிங்கம் எல்லாவற்றையும் கேட்டார். மோவாயைத் தடவினார். மறுநாள் காலை தச்சரோடு, அரண்மனையின் மேற்குச் சுவரை ஒட்டிக் கொட்டில் போட்டிருந்த மோர்க்காரி வீராயியையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார். வீராயி கையில் மாட்டுக் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மாடு.

வழக்கைக் கேட்ட ராஜா, "படத்துக்கு மேல் இருந்தால் இடிக்க வேண்டியதுதானே?" என்றான். சபையில் இருந்தவர்கள் எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

"இடிக்க வேண்டியதுதான்!" என்றார் சிட்டிலிங்கம். மாடக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு சந்தேகம் அரசே. இந்தச் சட்டம் அரண்மனைக்கும் உண்டா?"

ராஜா மார்பை நிமிர்த்தினான். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

"அப்படியானால் கோலப்பர் இங்கேயும் ஒருமுறை அளக்கட்டும்."

கோலப்பருக்கு முகம் வெளுத்தது. ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? கிழக்குச் சுவரில் தொடங்கி மேற்குச் சுவர்வரை குனிந்து குனிந்து அளந்தார். அரண்மனைப் படத்தில் நானூறு அடி. கோலில் நானூற்று நாற்பது.

"நாற்பது அடி அதிகம்!" சிட்டிலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வீராயி, மேற்குப் பக்கத்து மனை உன்னுடையதுதானே? இந்த நாற்பது அடியும் உனக்குத்தான். மாட்டைக் கொண்டுபோய்க் கட்டு."

மேற்குக் கோடியில்தான் அரியணை இருந்தது. வீராயி தயங்கினாள்.

"மகாராசா குந்தியிருக்காரே சாமி! மாடு மிரளுமே!"

"அரசே, கொஞ்சம் எழுந்திருங்கள். மாடு மிரளுகிறதாம்."

வீராயி அரியணைக் காலில் கயிற்றைச் சுற்றியே விட்டாள். ராஜா துள்ளி எழுந்தான்.

"கோலப்பரே! இது என் அப்பா கட்டிய அரண்மனை. அவர் என்ன, மோர்க்காரி நிலத்தைத் திருடினாரா?"

"சிவ சிவா! இல்லை அரசே."

"படம் தப்பா?"

"அவர் பாதத்தால் அளந்து எழுதிய படம். தப்பாகுமா?"

"அப்படியானால் கோல் தப்பா?"

கோலப்பர் ராஜாவின் பாதத்தைப் பார்த்தார். சட்டென்று தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"சிட்டிலிங்கம், நீ சொல்!"

"நான் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய ராஜாவின் பாதக்குறடு பூஜை அறையில் இருக்கிறதே. அதைக் கேட்டால் சொல்லும்."

குறடு வந்தது. ராஜா காலை நுழைத்தான். முன்னால் ஒரு விரற்கடை இடம் காலியாகக் கிடந்தது. சபையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ராஜாவின் காது சிவந்தது.

சிட்டிலிங்கம் மெதுவாகச் சொன்னார். "அப்பா செருப்பு பிள்ளைக்குப் பெரிதாக இருப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான் அரசே. அதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை."

ராஜா ஒரு கணம் முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம்தான் சபைக்கே உயிர் வந்தது.

"எந்த ராஜா காலத்துப் படமோ, அந்த ராஜா கோலால்தான் இனி அளக்க வேண்டும்" என்று அங்கேயே ஆணை பிறந்தது. பரணிலிருந்து பழைய கோல் இறங்கியது. மாடக்கண்ணுவின் வீடு கச்சிதமாக நாற்பது அடி! வாங்க வந்தவர் திரும்பி வந்தார். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போதே தச்சரின் வண்டி பட்டினத்துக்குக் கிளம்பியது. சிட்டிலிங்கத்துக்குப் பொற்காப்பு. வீராயிக்கு, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதற்காகவே ஒரு பட்டுச் சேலை.

கோலப்பர் நைசாக நழுவப் பார்த்தார். ராஜா விடவில்லை.

"நில்லும். பொங்கலுக்கு உமக்கு நாற்பதுக்கு நாற்பது அடி மனை தருவதாகச் சொல்லியிருந்தேன். சொன்ன சொல் மாறமாட்டேன். சிட்டிலிங்கம், இவருக்கு யார் பாதத்தால் அளக்கலாம்? அப்பாவுடையதா, என்னுடையதா?"

அந்தப்புரத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ராணிக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்.

சிட்டிலிங்கம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இளவரசர் தொட்டிலில் காலை உதைத்துக் கூப்பிடுகிறார், அரசே!"