ஆளுக்கு ஒரு கடி

கருங்காட்டுல எல்லாக் குளமும் வத்திப்போச்சு. ஒரே ஒரு மடுவுலதான் கொஞ்சம் தண்ணி மிச்சம். அந்த மடுவுல சொறியப்பன்னு ஒரு முதலை.

பத்து மிருகம் நாக்கு வறண்டு கரையில நிக்குது. சொறியப்பன் ரொம்ப மரியாதையாப் பேசுனான்.

"தாராளமாக் குடிங்க. தினமும் ஆளுக்குச் சராசரியா ஒரு கடி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

சராசரின்னா என்னன்னு யாருக்கும் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கம். தலைவர் குரங்கு வாலாண்டார்தான் தொண்டையைச் செருமிக்கிட்டு விளக்கம் சொன்னாரு. சராசரின்னா சரிசமமாம். வாலோரத்துல ஒரு சின்னக் கடி வாங்கிக்கிட்டுக் குடிச்சிட்டு வந்துரலாமாம். எல்லாரும் தலையை ஆட்டிட்டாங்க.

மறுநாள் காலையில முயல் செவியான் முதல்ல இறங்குனான். திரும்பி நின்னு வாலைக் காட்டுனான்.

ஒரு கடி. ரெண்டு. மூணு.

பத்தாவது கடியில காது நுனியும் காணோம்.

சருகுமான் சருகிதான் வாயைத் திறந்தா. மான் இனத்துலயே குட்டையானவ, காஞ்ச இலை நிறம்.

"ஆளுக்கு ஒரு கடின்னுதானே பேச்சு?"

"பேச்சு மாறலையே தாயி. பத்துப் பேரு, பத்துக் கடி. வகுத்துப் பாரு, சராசரி ஒண்ணு." சொறியப்பன் ஏப்பம் விட்டான். "நாளைக்கு ஒன்பது பேரு. ஒன்பதே கடி. மேல ஒண்ணு கடிக்க மாட்டேன், நான் நியாயஸ்தன். உன் உடம்புக்கு ஒன்பது தாராளம்."

அவ வரலன்னா யாருக்கும் தண்ணி இல்லன்னும் சொல்லிட்டான்.

சருகி மத்தவங்களைப் பாத்தா. ஒருத்தரும் அவ கண்ணைப் பாக்கல. எட்டுப் பேருக்குக் கடியே இல்லையே, மொத்தத்துல நல்ல கணக்குதானேன்னு வாலாண்டார் முனகுனாரு. ஓடிப்போனா தாகத்துல சாவு. நின்னா முதலை வாயில சாவு.

மடுவோரத்து மருத மரத்தடியில போய்ச் சுருண்டுட்டா. மேல, இலைங்களை ஒட்டிக் கட்டுன முசுறு எறும்புக் கூடு. அதுக்குள்ள ஒரே புலம்பல். கூட்டத்துக்கு எங்களை யாரு கூப்பிட்டா, எங்களுக்கு மட்டும் தலை இல்லையான்னு.

சருகி நிமிந்து பாத்தா.

"ஆளுக்கு ஒரு கடி"ன்னு மெதுவாச் சொல்லிப் பாத்தா. மறுபடி சொன்னா. குட்டிங்க ஒரு மாங்காயைப் பங்கு போடும்போதும் அதைத்தானே சொல்லும்? அங்க ஆளுதானே கடிக்குது, மாங்காயா கடிக்குது?

மெல்ல எறும்புங்ககிட்டப் பேசுனா. அப்புறம் வாலாண்டாரை மரத்துல ஏறச் சொன்னா. மாட்டேன்னாரு. அப்போ நாளன்னைக்கு எட்டுக் கடி யாருக்குன்னு கேட்டா. ஏறிட்டாரு.

விடிஞ்சுது. மரத்துக்கு நேர் கீழ, பாறை மேல சொறியப்பன் வெயில் காயுறான். வாய் ஆன்னு பிளந்திருக்கு. சருகி நடந்து வந்தா.

"அண்ணே, பேச்சு பேச்சுதானே?"

"உயிரே போனாலும். கிட்ட வா தாயி."

இன்னும் கிட்டப் போனா. அவன் மூச்சு அவ மூஞ்சில படுது.

"ஆளுக்குச் சராசரி ஒரு கடி. ஆனா யாரு யாரைக் கடிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

மேல வாலாண்டார் கிளையை முறிச்சாரு. கூடு பொத்துன்னு முதலை வாய்க்குள்ள விழுந்துச்சு. சொறியப்பன் சட்டுன்னு வாயை மூடுனான்.

மூடியிருக்கக் கூடாது.

நாக்குல, ஈறுல, தொண்டையில. தண்ணிக்குள்ள பாஞ்சான். முதுகு முங்கக்கூட அங்க ஆழம் இல்ல. கரை ஏறிப் புரண்டான்.

"ஆயிரம் பேரு, ஆயிரம் கடி," சருகி கத்துனா. "வகுத்துப் பாருங்கண்ணே, சராசரி ஒண்ணு!"

மேடு தாண்டி ஓடுனவன்தான், திரும்பல.

எல்லாரும் தண்ணியில இறங்குனாங்க. வாலாண்டார் மீசையைத் தடவிக்கிட்டு, சராசரியாப் பாத்தா நமக்குப் பெரிய நஷ்டம் இல்லன்னு ஆரம்பிச்சாரு.

"செவியானுக்கு?"ன்னு கேட்டா சருகி.

அவரு குனிஞ்சு தண்ணி குடிச்சாரு. நிமிரவே இல்ல.

சராசரி நல்லாத்தான் இருக்குன்னு யாராவது சொன்னா, மொத்தக் கடியும் யாரு மேல விழுந்துச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் தலையை ஆட்டணும்.