கிரைமுக்குக் கட்டிய தொட்டில்

முன்னே ஒரு காலத்தில், கடலோரத்து நெய்தவாசல் சீமையை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். காலையில் ஒரு ஆசை வரும், மத்தியானம் அது சட்டமாகிவிடும். அது ஒன்றுதான் தொந்தரவு.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. யார் தப்புச் செய்தாலும் சபை நடுவே தொட்டில் கட்டுவார்கள். தப்புக்குச் சாட்சியான பொருளை அதில் கிடத்தி ஆட்டி, பிள்ளைக்குப் பேர் வைப்பதுபோலக் குனிந்து மூன்று தரம் பேர் சொல்வார்கள். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் பேர் மாறாது. பேருக்கு ஏற்ற தண்டனை. ஒருமுறை திருட்டுப் பூசணிக்காய் ஒன்று ஆட்டிய ஆட்டில் தூங்கியே போனதாம்.

கப்பல்காரர்களிடம் இங்கிலீஷ் கற்று, அரண்மனைக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவந்த துபாஷி மாசிலாமணி ஒருநாள் ராஜாவிடம், "மகாராஜா, பிழை, குற்றம் எல்லாம் பழசாகிவிட்டது. இங்கிலீஷில் பேர் வைத்தால் தப்புக்கே ஒரு அந்தஸ்து வரும்" என்றார்.

மத்தியானம் சட்டமாகிவிட்டது. மிஸ்டேக் என்றால் வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்புவது. கிரைம் என்றால் கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து எல்லைக்கு அப்பால் துரத்துவது. எது எது என்று துபாஷிக்கு மட்டுமே தெரியும். தளபதியின் குதிரை கடலைக்காட்டை மேய்ந்தது, மிஸ்டேக். குப்பாயியின் ஆடு அதே காட்டின் மிச்சத்தை மேய்ந்தது, கிரைம்.

இப்படியிருக்க, சலவைக்காரன் சடையன் பிடிபட்டான். ராஜா வெளுக்கக் கொடுத்த பட்டு அங்கியைத் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டானாம். தாலி கட்டி மூன்றாம் நாள். புதுப்பெண் செவ்வந்தி சபை ஓரத்தில் நின்றாள். துரத்துவதற்கு அவனுடைய கழுதையையே வாசலில் கட்டியிருந்தார்கள்.

"ஒரு பொழுதுதான் சாமி போட்டேன். போட்டதைவிட வெள்ளையாகத் துவைச்சும் வச்சுட்டேன்" என்றான் சடையன்.

துபாஷி தொட்டிலில் கிடந்த அங்கியிடம் குனிந்து, "கிரைம், கிரைம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது மந்திரி அம்பலத்தார் எழுந்தார்.

"கொஞ்சம் பொறுங்க துபாஷியாரே. இன்னொரு பிள்ளையும் காத்திருக்கு. அதற்கும் பேர் வைத்துவிட்டால் ஒரே செலவாகப் போகும்."

இரண்டாவது தொட்டில் வந்தது. உள்ளே பாதி கடித்த அதிரசம்.

"கோயில் பூசைக்குச் சுட்டது. சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே யாரோ தின்னுட்டாங்க" என்றார் மந்திரி.

ராஜா மீசையில் ஊர்ந்த ஓர் எறும்பைத் தட்டிவிட்டார்.

"தின்றது யார்?" என்றார் துபாஷி.

"அது எதுக்கு உங்களுக்கு?"

"ஆளைத் தெரியாமல் எப்படி வார்த்தை வரும்?"

சபையில் சிரிப்பு கிளம்பியது. "அங்கிக்குப் பேர் வைக்கும்போது செயலைத்தானே பார்த்தீர்?" என்றார் மந்திரி. "இங்கிலீஷ் கொஞ்சம் கைவிட்டுப் போச்சோ?"

துபாஷிக்கு ரோஷம் வந்துவிட்டது. மடைப்பள்ளியில் அதிரசம் போனால் வேறு யார், பாத்திரம் கழுவுகிறவனாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டு, தொட்டிலில் குனிந்தார். "கிரைம். கிரைம். கிரைம்."

"நல்ல பேர். பிள்ளைக்குத் தகப்பன் யாரென்றும் சொல்லிவிட வேண்டியதுதான்" என்று மந்திரி ராஜாவைப் பார்த்தார். ராஜாவின் மீசைக்கு இப்போது எறும்புகள் சாரையாக வந்துகொண்டிருந்தன.

துபாஷி சட்டென்று ராஜாவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மகாராஜா தின்றால் அது மிஸ்டேக். சுத்தமான மிஸ்டேக்."

"மூன்று தரம் சொல்லியாச்சே, ஐயா" என்று ராஜா பெருமூச்சு விட்டார். கொஞ்ச நேரம் அங்கியையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து, துபாஷி பாக்கி வைத்த மூன்றாவது பேரைத் தாமே குனிந்து சொன்னார்: "மிஸ்டேக்."

சடையனுக்கு வெற்றிலை பாக்கு கிடைத்தது. ராஜாவுக்குக் கழுதை கிடைத்தது. சடையன் கயிற்றைப் பிடிக்க, துபாஷி வாலைப் பிடித்து நடந்தார். ராஜா வால்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் வழியெல்லாம் துபாஷியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. தண்டனையில் அதுதான் கஷ்டம் என்று பின்னால் சொன்னாராம்.

எல்லையில் பக்கத்துச் சீமைக் காவல்காரன் மறித்தான். "யாருய்யா நீர்? எதுக்குத் துரத்தினாங்க?"

"கிரைம்" என்றார் ராஜா.

"அப்படின்னா?"

ராஜா துபாஷியைப் பார்த்தார். துபாஷி கழுதை வாலைப் பார்த்தார்.

"அதிரசம் தின்னுட்டேன்பா. சாமிக்கு வச்சது."

"இதுக்கா? போய் வேற சுட்டு வையுமய்யா" என்று காவல்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்.

மறுநாள் ராஜா தாமே அடுப்படியில் நின்று அதிரசம் சுட்டார். பாதி கருகிவிட்டது. அன்றுமுதல் அந்தச் சீமையில் தப்புக்குப் பேர் வைப்பதில்லை. செய்தவர் வந்து செய்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குப்பாயியைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மந்திரிக்கு ஒரு முத்துமாலை. துபாஷிக்கு, தினமும் அந்தக் கழுதைக்குப் புல் அறுத்துப் போடும் வேலை.

சும்மா கிடந்த தொட்டிலைச் சடையன் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆவணியில் அவர்களுக்கு அது தேவைப்பட்டது.