கடைமடைக்குப் பாயாத ஜூஸ்

கொத்தமல்லிப்பாளையம் நாச்சிமுத்துவுக்கு ஆண்டவன் தென்னந்தோப்பு கொடுத்தான், வற்றாத கிணறு கொடுத்தான், நாலு பெண்களைக் கொடுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று மாப்பிள்ளைகளையும் கொடுத்தான்.

மாப்பிள்ளையை மாமனார் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது அந்தப் பக்கத்து மரியாதை. அவர்கள் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தாலும், “பாத்து இறங்குங்க மாப்ளே” என்றுதான் சொல்ல வேண்டும். நாச்சிமுத்துவும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொல்லிவந்தார். கடைசிப் பெண் மல்லிகாவுக்குப் பார்த்திருக்கும் நவநீதன் என்ஜினியர். ஒருத்தராவது புத்தியோடு வந்து சேர்கிறாரே என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆறுதல்.

நிச்சயதார்த்தம் நெருங்கும் நேரம் பார்த்து அவருடைய இடது கால் கட்டைவிரல் தக்காளியாக வீங்கிவிட்டது. சம்பந்தியோடு எழுந்து நின்று தட்டு மாற்ற வேண்டியவருக்குப் போர்வை பட்டாலே உயிர் போயிற்று.

“இது கவுட்டுங்கற மூட்டுவாதம். மாத்திரையை விடாம போடுங்க, தண்ணி நிறையக் குடிங்க” என்றார் டாக்டர். “கலரு, சோடா வேண்டாம். ஆசையா இருந்தா சர்க்கரை போடாத கிரான்பெர்ரி ஜூஸ் கொஞ்சம் குடிக்கலாம். காலை உசத்தி வையுங்க. கறி, ஈரல், நெத்திலி கண்ணுலயே காட்டாதீங்க.”

இதை நாச்சிமுத்து மாப்பிள்ளைகளிடம் சொன்னதுதான் வினை.

மாத்திரையை மல்லிகா பார்த்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் மாப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் நின்ற வெள்ளாடு ஒன்று கத்தியதும் மூத்தவர் ஆறுச்சாமி துண்டை எடுத்து மாமனாரின் கண்ணை இறுக்கிக் கட்டினார்.

“அது ஆடுங்க மாப்ளே.”

“கறிதானுங்க மாமா. இன்னும் வெட்டலை, அவ்வளவுதான்.”

கோயம்புத்தூர் போய் ஜூஸ் வாங்கி வந்தார்கள். ஒரு வாய் குடித்ததும் புளிப்பில் நாச்சிமுத்துவின் முகம் கோணிப்போயிற்று. நடுமாப்பிள்ளை திருமூர்த்தி உடனே குனிந்து விரலைப் பார்த்தார். வீக்கம் அப்படியே இருந்தது. மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள். மூவரும் வாய்க்கால் பாசனக்காரர்கள்.

“கட்டைவிரல் கடைமடையல்லங்க? மேல இருக்கற வயிறே அத்தனையும் குடிச்சுப்போடும்” என்றார் திருமூர்த்தி.

“மிச்சம் மீதி வந்தாலும் பாதி வலது காலுக்குப் போயிருமே” என்றார் ஆறுச்சாமி.

“மடையை அடைச்சிரலாமுங்க” என்றார் மூன்றாமவர் மயில்சாமி.

வலது தொடையில் கயிறு கட்டினார்கள். வயிற்றுக்கும் ஒரு கட்டுப் போட்டார்கள். “மூச்சு விட இடம் இருக்குதுங்களா மாமா?” என்று அன்பாகக் கேட்கவும் மறக்கவில்லை. அப்போதுதான் மயில்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“காலை உசத்தச் சொல்லியிருக்குது. ஜூஸு எப்படிங்க மேட்டுக்கு ஏறும்?”

கடைசியில் ஆறுச்சாமி வழி கண்டுபிடித்தார். காலும் உயரத்தில் இருக்க வேண்டும், வாய் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மாமனாரை நாற்காலியோடு தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டார்கள். ஊரிலேயே உசந்த கால் இப்போது அவருடையதுதான்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் தட்டுகளோடு மாடியேறி வந்தார்கள். நாச்சிமுத்து கண்கட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு நவநீதனைத் தேடினார். புது மாப்பிள்ளை கயிறுகளை நிதானமாகப் பார்த்தார். மாப்பிள்ளைகள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“இதெல்லாம் தப்புங்க” என்றார்.

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகா கொடுத்துவைத்தவள்.

“பைப்புல காத்து அடைச்சிருக்குமுங்க. மாமாவைத் தலைகீழாப் புடிச்சு காத்தை வெளியேத்திட்டு, அப்புறம் ஊத்தணும்.”

மூன்று மாப்பிள்ளைகளும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். படிப்பு என்றால் படிப்புதான் என்றார் ஆறுச்சாமி.

“பாத்துப் புடிங்க மாப்ளே” என்றார் நாச்சிமுத்து. வேறென்ன சொல்ல முடியும்.

நால்வரும் அவரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்த நேரத்தில், முகூர்த்தம் முடியப்போகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். சம்பந்தி தட்டைக் கையில் எடுத்தார். இரண்டடி முன்னால் வந்தவர் தயங்கி நின்று, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“சம்பந்தி அப்படி இருக்கறப்ப நான் மட்டும் நேரா நின்னு தட்டு மாத்தினா மரியாதையா இருக்குமா?” என்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். “ம், என்னையும் புடிங்கப்பா.”