உம் கொட்டும் பெட்டி

கதை கேட்கிறவர்கள் நடுநடுவே "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை பாதியிலேயே கோபித்துக்கொண்டு எங்காவது போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். இதையும் அப்படியே கேளுங்கள்.

மஞ்சுப்பாறை என்று ஒரு மலை. மஞ்சு என்றால் அந்தப் பக்கத்தில் பனிமூட்டம். காலையில் வருகிற மஞ்சு மத்தியானம் தாண்டியும் எழுந்து போகாது. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி வாசலிலும் அடுப்படியிலும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அந்த மலைமேல் சின்னதாக ஓர் ஆசிரமம். அதன் குருவுக்கு வயது முப்பத்தாறு. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. யாரும் கூப்பிட்டதில்லை. எண்பது வயதுக் கிழவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

அத்தியப்பன் அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ராசிபுரம் கடைவீதியில் முப்பத்திரண்டு வருஷம் ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் விற்றவர். "பழசைக் கொடுங்க, புதுசை எடுங்க" என்று வாய் வலிக்கச் சொன்னவர். ஒருநாள் நிஜமாகவே வாய் வலித்துவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு மனைவி வசந்தாமணியிடம், "சத்தமில்லாத இடமா ஒண்ணு பாத்து உக்காரப் போறேன்" என்றார்.

"உங்க இஷ்டமுங்க" என்றாள் வசந்தாமணி. ஒரே மகளும் கட்டிக்கொடுத்த ஊரோடு போய்விட்டாள்.

வருகிற சனிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு அக்கா கையால் வெள்ளைத்துணி வாங்கிக் கட்டிக்கொண்டால் அப்புறம் மலை இறங்க வேண்டியதே இல்லை. அத்தியப்பன் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குள், செவ்வாய்க்கிழமையன்று மலைக்கு ஒரு புது ஃப்ரிட்ஜ் வந்தது.

யாரோ ஓர் அன்பர் கொடுத்தனுப்பியது. வேனில் கொண்டுவந்த பொன்னுரங்கம் அதைச் சமையற்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை அரிசி கொண்டாருவேன். அப்ப பழசை ஏத்திக்கிறேன். மேல ஒண்ணு வந்தா கீழ ஒண்ணு இறங்கோணும். அதுதான் எங்க வண்டிக் கண்டிசன்."

"யானையையா ஏத்தறே?" என்றார் சமையல்காரர் மாரப்பன். யானை என்பது அங்கிருந்த பழைய ஃப்ரிட்ஜின் பெயர். உருண்ட தோள், பழுப்பேறிய வெள்ளை உடம்பு. கைப்பிடி உடைந்து சைக்கிள் டியூப் கட்டியிருந்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே மூலையில் நின்று பிளிறிக்கொண்டிருந்தது.

"நம்ம அண்ணனையே கேளுங்கப்பா. ஆயுசு பூரா இதானே பொழப்பு. எது நல்லதுண்ணா? பழசா, புதுசா?" என்றார் மாரப்பன்.

எல்லோரும் அத்தியப்பனைப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்துப் பேச்சு நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது. அவர் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

அக்கா அங்கே அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அத்தியப்பன் எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்கக்கா, ஒரு சந்தேகம். பழசு நல்லதா, புதுசு நல்லதா?"

"இதை இதுக்கு முந்தி யாரும் உங்களைக் கேக்கலையா?"

"கேக்காத ஆளே இல்லைங்க."

"என்ன சொன்னீங்க?"

"புதுசுன்னுதான்."

"அது நெசமா?"

"விக்கறதுக்குச் சொன்னேன். நெசமாவும் இருந்திருக்கலாம். நின்னு பாக்க நேரமில்லை."

அக்கா சிரித்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட விடுங்க. ரெண்டும் என்ன சொல்லுதுன்னு கேட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லுங்க."

புதன்கிழமை விடிந்ததும் அத்தியப்பன் ஒரு தாளோடு வந்து நின்றார்.

"புதுசு சீக்கிரம் குளுந்துருதுங்க. கரண்டு பாதிதான் இழுக்கும். ஐஸைச் சுரண்டி எடுக்கற வேலை இல்லை. பழசு கரண்டைக் குடம் குடமாக் குடிக்குது. ஆனா தகடு கெட்டி. இருபத்தாறு வருஷத்துல ஒரு மெக்கானிக் தொட்டதில்லை. புதுசு பத்து வருஷம் வந்தாலே பெரிசு. உள்ள போர்டு போச்சுன்னா, பெட்டியே போச்சு."

"இது நீங்க சொல்றது. அது என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"அண்ணன் கடையைத்தான் வித்தாரு, வாயை விக்கலை" என்றார் மாரப்பன், அடுப்படியிலிருந்தபடியே.

அன்றைக்கு முழுக்க அத்தியப்பன் ஒரு பலகையைப் போட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தார். மாரப்பன் தயிர் எடுக்க வரும்போதெல்லாம் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "காவலுக்கு ஆள் போட்டாச்சு, இனி தயிர் திருட்டுப் போகாது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

யானை "ம்ம்ம்" என்று நீளமாக ஓடும். பிறகு "கடக்" என்று உடம்பைக் குலுக்கி நிற்கும். கொஞ்ச நேரம் யோசிக்கும். திரும்பவும் "ம்ம்ம்." புதுசு வாயே திறக்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் உயிர் இருப்பது தெரிந்தது.

வியாழன் காலையில் அக்காவிடம் வந்தார்.

"பழசு 'ம்'ங்குதுங்கக்கா. புதுசு ஒண்ணும் சொல்லலை. அது இருக்கறதே தெரியலை."

இப்படிச் சொன்னதும் அவருடைய பழைய கடைக்கார வாய் தானாகவே திறந்துகொண்டது.

"அதுதானுங்க அதோட அழகு! எங்க வீட்லயும் இப்படி ஒரு கிழடு இருந்துது. ராத்திரி பகலா வண்டு மாதிரி இரையும். அதைத் தூக்கிட்டுப் புதுசு கொண்டாந்து வெச்சேன். ஒரு வாரம் கழிச்சு எங்க வீட்டுக்காரி சொல்றா, 'வீடே சத்தமில்லாமப் போச்சுங்க'ன்னு! இதுக்கு மேல சர்ட்டிபிகேட்டு வேணுங்களா? கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவேன். உடனே பில்லுப் போடச் சொல்லிருவாங்க. ஏழு வருஷம் இந்த ஒத்தைக் கதையை வெச்சு ஓட்டினேன்."

மாரப்பன் கையிலிருந்த கரண்டி ஆட ஆடச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எப்படிச் சொன்னாங்க?"

"அதானுங்க, வீடே சத்தமில்லாம..."

"வார்த்தை சரி. என்ன குரல்ல சொன்னாங்க?"

அத்தியப்பன் யோசித்தார்.

"அன்னிக்கு லோடு வந்திருந்துதுங்க. அவசரத்துல சட்டை மாட்டிட்டிருந்தேன். மூஞ்சியப் பாக்கலை."

அக்கா அவரைக்காய்த் தோலியை முறத்தில் கூட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேக்க வேண்டியது ரெண்டு மட்டும் இல்லை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் நின்றால்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அத்தியப்பன் மூச்சு வாங்க ஏறினார். சுற்றிலும் மஞ்சு. பாறை தனியாக வானத்தில் மிதப்பது மாதிரி இருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் வசந்தாமணி.

"ஆச்சு. வீட்ல யாரு வந்திருக்கறது? பேச்சுக்குரல் கேக்குது."

"யாருமில்லைங்க. டிவி."

"நீ டிவி பாக்க மாட்டியே."

"பாக்கலை. சும்மா ஓடட்டும்னு போட்டு வெச்சிருக்கேன்."

"எப்பருந்து?"

"அது ரொம்ப வருசமாச்சு. பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போனதுலருந்து. நீங்க கடையிலருந்து வர்ற நேரத்துக்கு அணைச்சிருவேன். தல வலிக்குதும்பீங்களே."

அத்தியப்பன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"எனக்குப் பேசிட்டே வேலை செஞ்சு பழகிப் போச்சுங்க. அந்தப் பெட்டி இருந்தப்ப, நான் பாட்டுக்கு ஏதாச்சும் சொல்லிட்டிருப்பேன், அது பாட்டுக்கு 'ம்' கொட்டிட்டிருக்கும்." அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். "பைத்தியம்னு நெனச்சுக்காதீங்க. ஆமா, சனிக்கிழமை வெள்ளை கட்டறீங்கல்ல? நானும் வரோணுமுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் மஞ்சு டவரை விழுங்கிவிட்டது.

கீழே வந்து, ராத்திரி மறுபடியும் அந்தப் பலகையில் உட்கார்ந்தார். மாரப்பன் அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருந்தார். சமையற்கட்டுக்குள் மஞ்சு மெல்ல நுழைந்தது. முதலில் அடுப்பு மறைந்தது. பிறகு சுவர்கள். கடைசியில் யானையின் "ம்ம்ம்" மட்டும் மிச்சம் இருந்தது. கண் மூடியதா, திறந்திருந்ததா, அவருக்கே தெரியவில்லை.

மஞ்சுக்குள்ளிருந்து அவை வர ஆரம்பித்தன.

எருமைக்கூட்டம் தண்ணிக்கு வருவது மாதிரி, ஆடி ஆடி, ஒன்றின் பின் ஒன்றாக. எக்ஸ்சேஞ்சில் அவர் வாங்கிப் போட்ட பழைய ஃப்ரிட்ஜுகள். சிவப்பு, நீலம், பச்சை. கடைக்குப் பின்னால் வெயிலில் நிறுத்திவைத்து, எடைக்குப் போட்டவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஏதோ ஒரு ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. ஒவ்வொன்றும் அவர் பக்கத்தில் வந்ததும் கதவைக் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே மஞ்சள் வெளிச்சம். வெளிச்சத்துக்குள்ளிருந்து பேச்சு.

"மாவு பொங்கிருச்சு பாரு..."

"பையன் இன்னும் வரலை, மணி ஆறு..."

"இந்த மாசமும் தள்ளிப் போகலை, யார்கிட்ட சொல்ல..."

யார் வீட்டுப் பேச்சோ. எந்தெந்த மத்தியானத்துப் பேச்சோ. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவை மஞ்சுக்குள் நடந்தன. அவருக்கு யாரையும் நிறுத்தத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு நீலப்பெட்டி. அதன் கதவில் ஒரு சொட்டை இருந்தது. மகள் மூன்று சக்கர சைக்கிளில் வந்து முட்டியது. அது அவர் முன்னால் நின்று கதவைத் திறந்தது. உள்ளே பாலும் இல்லை, தயிரும் இல்லை. வசந்தாமணியின் குரல் மட்டும் அடுக்கடுக்காக இருந்தது.

"இன்னிக்குக் கீரைக்காரி வரலை. மழை வர்ற மாதிரி இருக்குது. பக்கத்து வீட்டுக் கொடியில ஒரு குருவி கூடு கட்டுது. அவரு வந்ததும் சொல்லோணும். வேண்டாம், அலுத்துப்போய் வருவாரு. நாளைக்குச் சொல்லலாம்..."

"ம்" என்றது பெட்டி.

அத்தியப்பனும் "ம்" சொல்லப் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. பலம்கொண்ட மட்டும் முயன்றார்.

"கடக்."

யானை உடம்பைக் குலுக்கி நின்றது. அவர் விழித்தார். சமையற்கட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் புதுப்பெட்டி, ஒரு சத்தமும் இல்லாமல், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. அரிசி மூட்டைகளை இறக்கியானதும் பொன்னுரங்கம் கயிற்றை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்தான். அக்கா நிலைப்படியில் நின்றிருந்தார்.

"என்ன சொல்லுதுங்க ரெண்டும்?"

அத்தியப்பன் அன்றைக்குத் தாள் எதுவும் கொண்டுவரவில்லை.

"ரெண்டும் நல்ல பெட்டிதானுங்கக்கா. பாலுக்குப் புதுசு நல்லது. பழசு..." கையை யானைமேல் வைத்தார். "ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"யானையை எங்க வீட்டுக்கு அனுப்பி வெச்சா என்னங்க? பொன்னுரங்கம் போற வழிதான். அவ தனியாப் பேசிட்டிருக்கா. இது 'ம்' கொட்டிட்டு ஒரு துணையாக் கெடக்கும். எனக்கும் மனசு சமாதானமாயிரும். நாளைக்கு வெள்ளை கட்டிக்குவேன்."

"நல்ல யோசனைதான்" என்றார் மாரப்பன். இந்தத் தடவை அவர் கேலி பண்ணவில்லை.

பொன்னுரங்கம் யானையின் முதுகுப்பக்கம் கயிற்றைப் போட்டான். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இங்கேயே நிக்கட்டும்."

"அதெப்படிங்கக்கா?" பொன்னுரங்கம் கயிற்றோடு முழித்தான். "மேல ஒண்ணு வந்தா கீழ ஒண்ணு இறங்கோணுமே. வெறும் வண்டியாப் போனா என்னைத்தான் பேசுவாங்க."

அக்கா முற்றத்தில் இறங்கி வேனுக்குப் போனார். முன்சீட்டில் கிடந்த காலிச் சாக்குகளை எடுத்துப் பின்னால் போட்டார். சீட்டில் படிந்திருந்த மஞ்சின் ஈரத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அத்தியப்பனைப் பார்த்தார்.

"'ம்' கொட்டறதுக்குப் பழசு ஒண்ணுதானே அந்த வீட்டுக்கு வேணும்? நீங்க ஏறிக்கங்க."

அத்தியப்பன் வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு வருஷத்துப் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் துணைக்கு வரவில்லை.

"ம்" என்றார்.