உலகை ஆள்பவனுக்கு ஒரு சிறை

மன்னர் மருதவர்மருக்குப் பட்டங்கள் என்றால் உயிர். ‘உலகாளும் வேந்தே’ என்று நாளைக்கு நாற்பது முறையாவது காதில் விழ வேண்டும்.

அவருடைய துறைமுகத்தில் ஒரு ருஷ்ய வணிகன் வந்து இறங்கினான். பெயர் விளாதிமிர். நம் ஊர் வெயிலில் மயிர்த்தோல் குல்லாய் விற்க வந்த அப்பாவி. அமைச்சர் செகராசர் ஒரு குல்லாயை இனாமாகக் கேட்டார். அவன் விலை சொன்னான். அவ்வளவுதான், மறுநாளே சபையில் நிறுத்தப்பட்டான்.

“இவன் பெயருக்கு என்ன பொருள் என்று கேளுங்கள், மகாராஜா” என்றார் செகராசர்.

“ஆளுதல் பாதி, உலகம் பாதி” என்றான் வணிகன் வெள்ளந்தியாக. “உலகை ஆள்பவன். பழைய அரசர் ஒருவரின் பெயர். என் தாத்தாவுக்கும் அதுதான். எங்கள் நாட்டில் தெருவுக்கு நாலு விளாதிமிர் உண்டு.”

மன்னர் முகம் சிவந்தது. “என் பட்டம் தெருவுக்கு நாலு பேருக்கா? பெயரை மாற்றும்வரை சிறையில் கிட!”

“தாத்தா பெயர், அரசே. மாற்ற மாட்டேன்.”

வாய்த்துடுக்குக்குப் பெயர்போன அரசவை விகடகவி கூத்தபிரான் ஓலையோடு எழுந்தார்.

“நல்ல தீர்ப்பு. கூடவே அடைக்க வேண்டியவர்களை எழுதிவிட்டேன். மடைப்பள்ளி புவனேசன். அவன் சொல்லை அப்பளம்கூடக் கேட்காது, பெயர் மட்டும் புவனத்துக்கே ஈசன். அடுத்து, பட்டத்து யானை லோகபாலன். சிறைக்கதவை இடித்துத்தான் உள்ளே விட வேண்டும். அப்புறம், செகத்துக்கே ராசரான நம் அமைச்சர்.”

“அது என் அப்பா வைத்த பெயர்!” என்று அலறினார் செகராசர்.

“இவன் மட்டும் தானே வைத்துக்கொண்டானா, ஐயா?”

“முடிந்ததா?” என்றார் மன்னர்.

“இன்னும் ஒருவர். எழுதக் கை வரவில்லை.”

“யாராயிருந்தாலும் சொல்லும்!”

“மகாராணி உலகநாயகி.”

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. “எந்த அறை என்று சொன்னால் தேவலை” என்றது ராணியின் குரல். “புடவைகளை எடுத்து வைக்கச் சொல்வேன்.”

மன்னர் சிங்காசனத்திலிருந்து பாதி எழுந்தேவிட்டார். பிறகு சிரித்தார். “விடுங்கள் அவனை! குல்லாய் முழுவதையும் நானே வாங்கிக்கொள்கிறேன். முதல் குல்லாய் கூத்தபிரானுக்குப் பரிசு.”

“எனக்கு எதற்கு, அரசே? முதலில் ஆசைப்பட்டவர் அமைச்சர்தான்.”

அரச பரிசைக் கழற்றினால் அவமரியாதை. அந்தச் சித்திரை மாதம் முழுவதும் செகராசர் சபைக்குக் குல்லாயோடுதான் வந்தார்.